ஆறரை முதல் ஏழு வரை நீலப் பூங்குருவி

பறவை நோக்குவோர் வாரமடலின் மதிப்புமிகு ஆசிரியர் அவர்களுக்கு,

தண்ணீர்க் கோபுரத் தெருவின் கடைசியில் இருக்கும் மஞ்சள் வீட்டுக்காரன், எடை அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் தராசுகளுக்கு முத்திரை போட்டு ஓய்வு பெற்றவன், பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவியும் நலம். தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் மடலில் வந்துபோகும் சகல பறவைகளும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனசார எழுத எனக்கு இருபத்துநான்கு நாள் பிடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. என் வீட்டு மொட்டைமாடியில் தங்கிய நீலப் பூங்குருவி பற்றிய நாட்குறிப்பை அப்படியே குளிர்கால மலரில் வெளியிடப் போவதாகவும், அதோடு சேர்க்க வீட்டுக்காரர் என்ற முறையில் நானும் நாலு வார்த்தை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். நாலு வார்த்தை என்ன, நாற்பது பக்கம்கூட எழுதுவேன். ஆனால் அதற்கு முன்னால் தங்கள் காலைப் பிடித்துக் கேட்க ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் முழுக்கதையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே சிகரெட்டத் தொடமாட்டேன்னு சொல்லுங்க" என்றாள். "தொடமாட்டேன்" என்றேன். பதினோரு நாள் தொடவும் இல்லை. பன்னிரண்டாம் நாள் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனவன் பார்த்துவிட்டு மட்டும் வரவில்லை. அன்று முதல் தினமும் காலை ஆறு நாற்பதுக்கு எனக்குத் தண்ணீர் பார்க்கும் வேலை. இறங்கி வந்ததும், "எவ்வளவு இருக்கு?" என்பாள். "முக்கால்" என்பேன். ஒரு படி அரிசியில் ஒரு கைப்பிடி குறைத்த கடைக்காரனை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டவன் நான். என் வீட்டில் நானே கள்ள அளவை வைத்து இரண்டு வருடம் காலம் தள்ளினேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. மாடிப்படி முடியும் இடத்தில் மொட்டைமாடியைப் பார்த்தாற்போல் ஒரு ஜன்னல் உண்டு. காலையில் நான் மாடிக்குப் போன கையோடு என் மனைவி ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து அந்த ஜன்னலைத் துடைப்பாள். இந்தத் தெருவிலேயே இவ்வளவு சுத்தமான ஜன்னல் வேறு வீட்டில் கிடையாது. ஆனால் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்றால் ஜன்னலுக்கு ஆள் தெரியாது. நாடா வைத்து அளந்தே பார்த்திருக்கிறேன். சிகரெட் பெட்டியும் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. தெருப் பக்கம் முழுசாகத் தெரியுமே என்று யோசிக்கவில்லை, எதிரில் காலி மனைதானே, யார் வந்து நிற்கப் போகிறார்கள்?

நீங்கள் அனுப்பி வைத்தீர்கள். "குளிர்கால வரவுகள்" பகுதியில், பெயர் வெளியிட விரும்பாத வாசகர் ஒருவர் தெரிவிப்பதாக, தண்ணீர்க் கோபுரத் தெரு, மஞ்சள் வீடு, தொட்டியின் மூலையில் நீலப் பூங்குருவி, அரிய வரவு, எதிர் மனை மதில் ஓரம் நின்று பார்க்கவும், காலை ஆறரை முதல் ஏழு வரை மட்டுமே தென்படும் என்று போட்டீர்கள். போதாததற்கு யோசனைகள் வேறு. மங்கின நிறத்தில் உடுத்துங்கள், கை நீட்டிக் காட்டாதீர்கள், பேசாதீர்கள், சுவரோடு சுவராக அசையாமல் நில்லுங்கள். வந்தவர்கள் அதை அட்சரம் பிசகாமல் செய்தார்கள். அதனால்தான் நாலாம் தேதி காலையில், சிகரெட்டைப் பற்ற வைத்து முதல் இழுப்பு இழுத்துவிட்டுத் தலை நிமிரும்வரை, இருபத்தேழு பேர் என்னைப் பார்த்து நிற்பது எனக்குத் தெரியவில்லை.

இருபத்தேழு பேரும் கண்ணில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல், சாம்பல் நிறச் சட்டையில். நான் பறிமுதல் செய்த தராசுக்காரர்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவசரத்தில் சிகரெட்டை எங்கேயோ எறிந்தேன். அது கொடியில் காய்ந்த என் மனைவியின் சால்வையில் விழுந்து ஓட்டை போட்டது. அந்துப்பூச்சி என்று சொன்னேன். "அந்துப்பூச்சி இவ்வளவு வட்டமாவா கடிக்கும்?" என்று கேட்டாள், அதோடு விட்டுவிட்டாள். மறுநாள் விஷயம் தெரிந்துகொண்டு, விரலிடுக்கில் பற்ற வைக்காத சிகரெட் இருப்பதை மறந்து, மரியாதைக்காக மேலேயிருந்து கையை உயர்த்தி வணக்கம் சொன்னேன். குருவி பறந்துவிட்டது. இருபத்தேழு தொண்டையும் சேர்ந்து "ச்சே" என்று சொல்வதை நீங்கள் கேட்டதுண்டா? நான் கேட்டேன்.

வேறு இடம் தேடினேன். குளியலறையில் பற்ற வைத்தால் புகை நேராகச் சமையலறைக்குப் போகிறது. தெருமுனைக்குப் போனால் ரெண்டு பேர் ஓடி வந்து, "சார், இன்னைக்கு வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் என்னைப் பார்த்து ஓடினவர்கள்தான் உண்டு, என்னை நோக்கி ஓடி வந்தவர்கள் இவர்கள்தான். ஒன்பதாம் தேதி தங்கள் யோசனையையே கடைப்பிடித்தேன். பழுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் குந்தி, சுவரோடு சுவராக, நிம்மதியாக ஒன்றைப் பிடித்து முடித்தேன்.

அன்றைக்கு என் மனைவி, "பாவம், குளிர்ல நிக்கறாங்க" என்று அத்தனை பேரையும் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். அப்போதுதான் நாட்குறிப்பு எழுதும் கடியாரக் கடைக்காரர் தன் நோட்டைப் பெருமையோடு என்னிடம் நீட்டினார். மனுஷனுக்கு நிமிஷம் தப்பாது. "6.50: தொட்டிக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் பெரிய உருவம். வீட்டுக்காரர் என உறுதி செய்யப்பட்டது. 6.52: உருவத்தின் மேல் புகை. 6.53: பறவை இடப்பக்கம் பறந்தது. குறிப்பு: தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சிவப்புப் பெட்டி ஒன்று. கூடு கட்டும் பொருளா என்று பார்க்க வேண்டும்." நான் படிக்கும்போது என் மனைவி பக்கத்தில் டீத்தட்டோடு நிற்கிறாள். எனக்கு நெஞ்சு வலி திரும்ப வந்துவிட்டது என்றே நினைத்தேன். நோட்டை மூடி, "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றேன். வாசல்வரை வந்த கடியாரக்காரர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, புகை அந்தக் குருவிக்கு ஆகாது. உங்களுக்கும் ஆகாதுன்னு நினைக்கறேன்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. கோபம்கூட வரவில்லை.

பத்தாம் தேதியிலிருந்து நான் சிகரெட் பிடிக்கவில்லை. விட்டேன் என்று சொன்னால் பொய், பிடிக்க வழி இல்லை. மாடிக்குப் போவது பழக்கமாகிவிட்டதால் சும்மா போய் நின்றேன். கையில் ஒன்றும் இல்லாமல் நின்றால் கண்ணுக்கு வேலை வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அந்தக் குருவியை நானும் பார்த்தேன். தூரத்தில் கறுப்பாகத் தெரிகிறது, வெயில் ஏறினால் சிலேட்டு நீலம். மேலதிகாரியைக் கண்ட குமாஸ்தா மாதிரி ரெண்டு தரம் குனிந்து நிமிர்கிறது, வாலை லேசாக நடுக்குகிறது, அப்புறம் கால்மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது பிடித்துப்போயிற்று.

போன வாரம் டாக்டரிடம் போனோம். எடை பார்க்கும் கருவி நானூறு கிராம் கூடக் காட்டியது, வாயை மூடிக்கொண்டேன். அவர் நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "நுரையீரல் நல்லா தெளிஞ்சிருக்கே, என்ன பண்ணுனீங்க?" என்றார். "அவர்தான் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சே டாக்டர்" என்றாள் என் மனைவி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். இருமல் இல்லாத முழு மூச்சு. அந்த வாக்கு இரண்டு வருடம் பொய்யாக இருந்து, இப்போது மெய்யாகிவிட்டது. குருவியும் செவ்வாய்க்கிழமையோடு போய்விட்டது, கூட்டமும் கலைந்துவிட்டது. சிகரெட் பெட்டி மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. எடுத்து எறியலாம் என்றால் கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் இதுதான். நாட்குறிப்பில் நாலு, ஐந்து, ஒன்பது ஆகிய மூன்று தேதிகளையும் அடித்துவிடுங்கள். என் மனைவி தங்கள் மடலை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் விலாசம்வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவள். இப்போது மெய்யாகிவிட்ட ஒன்றை, முன்னால் பொய்யாக இருந்தது என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டாம். எனக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கூடவே, அந்தப் பெயர் வெளியிட விரும்பாத பேர்வழி யார் என்பதையும் காதோடு சொல்லுங்கள். அடுத்தவன் மொட்டைமாடியை விடிந்ததும் விடியாததுமாகப் பார்த்துக்கொண்டிருக்க அந்த ஆளுக்கு வேறு ஜோலியே இல்லையா? எதிர் வரிசைத் தையல்காரர் மேல் எனக்குச் சந்தேகம். திட்டத்தான் கேட்கிறேன், ஆனால் திட்டி முடித்ததும் ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

கையில் தபால்தலை இல்லை. நாளை நானே வாங்கி ஒட்டிப் போடுகிறேன். அதுவரை இக்கடிதம் பத்திரமான ஓர் இடத்தில் இருக்கும். எந்த இடம் என்று தங்கள் கடியாரக்காரருக்குத் தெரியும். தாங்கள் தீர்க்காயுசோடும், நல்ல கண்பார்வையோடும், வருடத்துக்கொரு அரிய பறவையோடும் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
மஞ்சள் வீட்டுக்காரன்

பி.கு.: இது வேறு கையெழுத்து என்று பார்த்ததும் தெரிந்திருக்கும். வணக்கம். நான் அவர் மனைவி. கடிதம் தொட்டிக்குப் பின்னால், சிகரெட் பெட்டிக்கு அடியில் இருந்தது. தபால்தலை என்னிடம் இருந்தது, ஒட்டியிருக்கிறேன்.

அவர் கேட்ட மூன்று தேதிகளையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். தையல்காரரும் பாவம், அவர் எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருப்பதே இல்லை. பெயர் வெளியிட விரும்பாத வாசகி யார் என்று உங்களுக்குத் தெரியும், அதை அப்படியே வைத்திருங்கள். ஜன்னலுக்கு அவர் தெரியமாட்டார் என்று அளந்தாரே, தொட்டிக்கு மேலே புகை எழும்புவதை அளக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து, அவர் மாடிக்குப் போனால் இறங்கி வரும்வரை நான் அந்த ஜன்னலை விட்டு நகர்வதில்லை. மயங்கி விழுந்துவிட்டால் யார் பார்ப்பது? துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது. அப்படி நிற்கும்போதுதான் குருவி கண்ணில் பட்டது.

உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன், மன்னிக்க வேண்டும். அந்தக் குருவி எட்டு மணிக்கும் வரும், பத்து மணிக்கும் வரும், சாயங்காலமும் வரும். ஆறரை முதல் ஏழு வரை மட்டும் என்று எழுதியது அதன் நேரம் இல்லை, இவருடைய நேரம். நான் சொன்னால் இன்னொரு தரம் சத்தியம் பண்ணுவார். அதனால் இருபத்தேழு பேரை வரவழைத்தேன்.

குருவி போகவும் இல்லை. கூட்டம் முன்பக்கம் நின்றதால் பின்பக்கச் சுவருக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். இதை இப்போது போட வேண்டாம். தேவைப்பட்டால் நானே எழுதுகிறேன், அன்றைக்கே போடுங்கள்.

இரண்டு வருடமாகத் தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒன்பதாம் தேதி பதினொன்று இருந்தது. இன்று காலையும் பதினொன்றுதான் இருந்தது.