வாயால் சுட்டால் குறி தவறியதாகுமா?

ஆர்கன்சா,
நவம்பர், செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஓரன் பெரியப்பா அவர்களுக்கு,

லீட்டா எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். ஃப்ளோரிடா வெயில் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொள்கிறது என்று அறிந்து மகிழ்ந்தோம். நீங்கள் இங்கே விட்டுப்போன சிவப்புக் கட்டம் போட்ட சட்டை பத்திரமாக இருக்கிறது. குளிருக்கு அப்பா எப்போதாவது போட்டுக்கொள்வதோடு சரி. துவைத்ததும் அனுப்புகிறோம்.

நம் வேட்டை முகாமைத் தொடங்கியவர் நீங்கள்தான் என்பதால் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் கேட்டால் அப்பா குறுக்கே பேசுவார், அதனால் எழுதுகிறேன். நீங்கள் அவருக்குக் கொடுத்த துப்பாக்கி நல்ல துப்பாக்கி. ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். அந்த மாதிரித் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காகவே இதில் போடும் குட்டைத் தோட்டாவைச் செய்தார்களாம், நூலகத்தில் படித்தேன். ஒரே குறை, இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. கடையில் கேட்டோம். “அதுவா? பெத்தவங்களே கைவிட்டுட்டாங்க, நான் எங்க போய்த் தேடறது?” என்றார் கடைக்காரர். வேறு துப்பாக்கி வாங்கலாமே என்று அம்மா சொன்னால், “அண்ணன் கொடுத்ததுடி” என்று அப்பா கண் கலங்குகிறார். மிச்சம் ஒரே ஒரு தோட்டா. அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை.

அந்தத் தோட்டா எனக்கு, என் முதல் மானுக்கு என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். பயிற்சிக்குத் தோட்டா ஏது? அதனால் கோடை முழுவதும் வெறும் துப்பாக்கியால் குறிபார்த்து, விசையைத் தொடாமல், ‘டுமீல்’ என்று சொல்லிப் பழகினேன். “சத்தமா சொல்லு, அப்பத்தான் மூச்சு சீரா வரும்” என்பார் அப்பா. நான் பாடங்களை ஒழுங்காகப் படிக்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். போன சனிக்கிழமை காலையில் நானும் அப்பாவும் மரத்துப் பரணில் இருந்தோம். ஓடைப் பக்கமிருந்து ஒரு கொம்பு மான் வந்து பக்கவாட்டில் நின்றது. குறி சரியாக இருந்தது. மூச்சை விட்டேன். “டுமீல்!” என்றேன். மான் என்னை ஒரு முறை பார்த்தது. பிறகு போய்விட்டது. அப்பா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

குறி தவறினால் சட்டையின் பின்தொங்கலை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது நீங்கள் வைத்த சட்டம். நாங்கள் முகாமுக்குத் திரும்பியபோது, எங்களோடு வேட்டைக்கு வந்திருந்த டூயி மாமா கத்தரியோடு நின்றார்.

“வாம்மா, திரும்பி நில்லு.”

“நான் சுடவே இல்லையே மாமா!”

“சுட்டியே. ஓடைக்கு அந்தப் பக்கம் எனக்கே கேட்டுச்சு.”

“அது வாய்.”

“மான் ஓடுச்சா இல்லையா?”

அப்பா முதலில் என் பக்கம்தான் இருந்தார். “தோட்டா வெளிய போகலைடா டூயி, விடு.”

“சரிப்பா, விட்டேன். தவறவிட்டவங்க முறை அடுத்த ஆளுக்குப் போகும்ங்கறதும் சட்டம்தான். அடுத்த ஆளு நீ. உனக்கு வேண்டாம்னா எனக்கென்ன?”

அப்பா காபியை ஒரு மிடறு குடித்தார். “சத்தம் பலமாத்தான் இருந்துச்சு” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, “ஃப்ரீசர்ல ஒரு துண்டு கறி இல்ல. யாராவது ஒருத்தர் நிஜமா சுடுங்கப்பா” என்றாள். என் கட்சி இதுதான் பெரியப்பா: தோட்டா இன்னும் அலமாரியில் இருக்கிறது. போகாத தோட்டா எப்படிக் குறி தவறும்? அடுத்த வாரச் சனிக்கிழமையோடு வேட்டைப் பருவம் முடிகிறது. தயவுசெய்து அதற்குள் பதில் போடுங்கள். முறை என்னுடையதுதான் என்று எழுதினால் போதும், காரணம் வேண்டாம்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. ஞாயிறு ஜெபத்தில் உங்கள் முழங்காலையும் இந்தத் தோட்டாவையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறோம்.

பணிவுடன் உங்கள் மகள்,
லீட்டா

பின்குறிப்பு: தீர்ப்பு வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது, இந்த முறை வாயால் அல்ல. இத்தனை வருடம் கிடந்த தோட்டா வேலை செய்யுமா என்று அப்பா ஒரு பெயின்ட் டின்னை வைத்துச் சோதித்திருக்கிறார். வேலை செய்கிறது. டின்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. “டின்னெல்லாம் கணக்குல வராதுடி” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா கத்தரியோடு அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். உங்கள் சட்டை அவருக்கு நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. மிச்சத்தை இந்த வாரமே அனுப்புகிறோம்.