பழப்பையில் ஒரு குவார்ட்டர்

பயப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், பட்டதாரிகளைவிட நன்றாகவே பயப்படுவேன். தனி அறையில் இருப்பவனுக்கு, 'அதெல்லாம் ஒண்ணும் ஆவாது' என்று சொல்ல ஆள் கிடையாது. அதனால் என் பயங்கள் தடையில்லாமல் வளர்ந்தன.

பெட்ரோலில் எத்தனால் என்கிற ஸ்பிரிட்டைக் கலந்து பங்குகளில் விற்கத் தொடங்கிய சமயம் அது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் நான் வேலை செய்த இடத்துக்கு எதிரே கடை வைத்திருந்த மெக்கானிக் தாஸ், என் பழைய மொபெட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"மாமு, டாங்குல கொஞ்சம் மழத்தண்ணி எறங்கட்டும். ஸ்பிரிட்டு தண்ணியோட சேந்துகினு அடியில குந்திக்கும். அப்பால வண்டிய நீதான் இஸ்துகினு போவணும்."

அன்றே, இன்னும் கலக்காத பங்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, காலி குவார்ட்டர் பாட்டில் ஒன்றில் சுத்தமான பெட்ரோலை நிரப்பி வைத்துக்கொண்டேன். (பாட்டில் தெருவில் கிடைத்தது. நான் குடிப்பதில்லை.)

அந்த வாரம் ராயபுரத்தில் பெண் பார்க்கப் போனேன். எல்லோரும் பெரியவர்கள் நாலு பேரோடு போவார்கள். எனக்கு அப்படி யாரும் இல்லை, பாட்டிலோடு போனேன். மழை வரும்போல் இருந்தது. வழியில் வண்டி நின்றுவிட்டால்? பழமும் பூவும் வாங்கிய பையிலேயே அதையும் செருகினேன். போய்ச் சேர்ந்த பதற்றத்தில் பையை அப்படியே நீட்டிவிட்டேன்.

பெண்ணின் அம்மா சாத்துக்குடியை எடுத்தார். பூவை எடுத்தார். அடுத்து குவார்ட்டரை எடுத்தார்.

"இன்னா நைனா இது?" என்றார் பெண்ணின் அப்பா, அமைதியாக.

"வண்டிக்குங்க."

"வண்டி குடிக்குமா?"

"இப்ப எல்லா வண்டியும் குடிக்குதுங்க. என் வண்டிக்கு அந்தப் பழக்கம் வேணாம்னு…"

அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். நான் குடிகாரன் என்ற சந்தேகம் அந்த நொடியே தீர்ந்தது.

"பெட்ரோலு. பொண்ணு பாக்க பெட்ரோலோட வந்துகீற. வேணான்னு சொன்னா கொளுத்திடுவியா நைனா?"

"ஐயே, உள்ள அடுப்பு எரியுது" என்று அம்மா ஓடினார். பாதி வெந்த பஜ்ஜியோடு அடுப்பு அணைந்தது. கதவுக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெண்ணை நான் பார்க்கவேயில்லை. சிரிப்பை மட்டும் கேட்டேன். நல்ல சிரிப்பு.

பாட்டிலைப் பெண்ணின் அப்பா திருப்பித் தரவில்லை. வரும் வழியில் திருவொற்றியூர் ஹைரோட்டில் பெட்ரோல் தீர்ந்தது. வேறு வழியில்லாமல் ஸ்பிரிட் கலந்ததையே போட்டேன். மழையும் பெய்தது. மொபெட் எப்போதும்போல் இருமிக்கொண்டே என்னை அறையில் சேர்த்தது. அதற்குப் பிறகும் பல வருடம் அதையே குடித்து ஓடியது. மைலேஜ் கொஞ்சம் குறைந்தாற்போல் இருந்தது. அதுவும் என் பயமாக இருக்கலாம். யாராவது கேட்டால், தாராளமாகப் போடலாம், டாங்க் மூடி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும் என்பேன். (யாரும் கேட்பதில்லை.)

சமீபத்தில் மார்க்கெட்டுக்கு லோடு எடுக்க வந்த லாரி டிரைவர் ஒருவர், டீ குடிக்கும்போது ராயபுரத்தில் இருக்கும் தன் மாமியார் வீட்டுக் கதையைச் சொன்னார். எங்கேயாவது பெட்ரோல் வாடை அடித்தால் போதுமாம், அவருடைய மாமனார் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாராம்: "அடுப்ப அணைம்மா, மாப்ள வந்துட்டாரு."

அந்த மாப்பிள்ளை யாரென்று டிரைவருக்குத் தெரியாது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

என்னை மாப்பிள்ளை என்று சொல்கிற வீடு ஊரில் அது ஒன்றுதான்.