ஏழு பொதிகளில் ஒரு மனு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு டயகம தேயிலைத் தோட்டத்துச் செல்லசாமியின் மகள் பூரணி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் அவளுக்கு வாய்த்த பாடங்களில் ஒன்று கணனி வலையமைப்பின் அடிப்படைகள். ஒரு கணனியை இன்னொரு கணனியோடு பேச வைப்பது எப்படி என்பதுதான் பாடம். பல்கலைக்கழகத்தில் கணனிகள் இரண்டு இருந்தன. இரண்டையும் இணைக்கும் கம்பி வருவதாக இருந்தது. மூன்று வருடமாக அது வருவதாகவே இருந்தது. ஆகவே விரிவுரையாளர் றோலண்ட் கரும்பலகையில் இரண்டு பெட்டிகளை வரைந்து, நடுவே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை வைத்தே பாடத்தை நடத்தி முடித்தார்.

சிக்கல் செய்முறைப் பரீட்சையில் வந்தது. மாணவர் ஒவ்வொருவரும் இயங்குகின்ற வலையமைப்பு ஒன்றை ஆறு வாரம் அவதானித்து அறிக்கை எழுத வேண்டும். அந்த நிறுவனத்தின் தலைவர் அதில் கையொப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. இயங்குகின்ற வலையமைப்பு எங்கே இருக்கிறதென்று பூரணி கேட்டாள். அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார் றோலண்ட். பிறகு இரக்கப்பட்டு, செய்தி போய்வருகிற இடம் எதுவானாலும் பரவாயில்லை என்றார்.

பூரணி ஹட்டனில் இருந்த தோட்ட நிர்வாகப் பிராந்திய அலுவலகத்துக்குப் போனாள். அங்கே உதவிப் பணிப்பாளர் மத்தியாஸ் அவளைத் தெய்வமே அனுப்பியதுபோல வரவேற்றார். எல்லா அலுவலகங்களும் உடனடியாக நவீனமயமாக வேண்டும் என்று கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு மூன்று சுற்றறிக்கைகள் வந்திருந்தன. கணனியும் ஒன்று வந்திருந்தது. அது தனி அறையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாரோ ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்திருந்தது. அதை இயக்குவதற்கான அனுமதி இன்னும் வரவில்லை.

ஒரே ஒரு கணனியை வைத்து வலையமைப்புச் செய்ய முடியாது என்று பூரணி பணிவாகச் சொன்னாள். மத்தியாஸ் யோசித்தார்.

"மத்தக் கணனி பொறகு வரட்டும் பிள்ளை. முதல்ல வலையமைப்பைச் செஞ்சிருவோம். அது எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க."

பூரணி சொன்னாள். செய்தியைச் சிறு பொதிகளாக வெட்ட வேண்டும், பொதிகளுக்கு இலக்கமிட வேண்டும், ஒவ்வொன்றையும் கிடைத்த வழியில் அனுப்ப வேண்டும். மறுமுனையில் இருப்பவர் ஒவ்வொரு பொதிக்கும் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வரிசைப்படி சேர்த்து வாசிப்பார். மத்தியாஸ் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார்.

பரிசோதனைக்கு மேசையின் மேலே கிடந்த மனுவை எடுத்தார். எடுத்த பிறகுதான் பூரணி அதைப் பார்த்தாள். ஆனி மாதத்துக் காற்றில் தொழிலாளர் லயத்தில் கூரை பறந்துபோன பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்களுக்குத் தகரம் கேட்டு டயகம தோட்டத்திலிருந்து வந்த மனு அது. பன்னிரண்டில் ஒன்று அவள் வீடு. அவள் வாய் திறப்பதற்குள் மனு ஏழு துண்டாகியிருந்தது.

முதலாம் பொதி கொழும்புக்கு ரயிலிலும் இரண்டாம் பொதி பஸ்ஸிலும் போயின. மூன்றாவது கண்டி வழியாகவும், நான்காவது நுவரெலியா வழியாகவும் போயின. ஐந்தாவது தேயிலை லொறியில் ஏறியது. ஆறாவதை லீவில் போன லிகிதர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஏழாவது பதிவுத் தபாலில் போனது. ஒரு வாரத்தில் கொழும்பிலிருந்து 'பெற்றுக்கொண்டேன்' என்று ஆறு கடிதங்கள் வந்தன. அந்த ஆறையும் பெற்றுக்கொண்டதாக மத்தியாஸ் ஆறு கடிதங்கள் எழுதினார். அவற்றைப் பெற்றுக்கொண்டதாகக் கொழும்பு எழுதியது. நான்காம் வாரம் இந்தக் கடிதங்களை எழுதுவதற்கென்றே புதிதாக இரண்டு லிகிதர்களை நியமித்தார்கள். அலுவலகத்தில் வேறு எந்த வேலைக்கும் ஆளில்லாமல் போயிற்று. அலுவலகத்தின் சுறுசுறுப்பு வெகுவாகக் கூடியிருப்பதாகக் கொழும்பு பாராட்டியது.

ஐந்தாம் பொதி மட்டும் போய்ச் சேரவில்லை. தேயிலைப் பெட்டியோடு பெட்டியாக அது சீமைக்கே போயிருக்கலாம். 'கூரைத் தகரம்' என்ற இரண்டு சொற்கள் அதில்தான் இருந்தன. பன்னிரண்டு காம்பராக்களுக்கு ஏதோ ஒன்று மழைக்கு முன் அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதுவரை கொழும்புக்கு விளங்கியிருந்தது.

தொலைந்த பொதியைத் திரும்ப அனுப்புவதுதான் விதி என்று பூரணி சொன்னாள்.

"அனுப்பியாச்சுன்னு பதிவில இருக்கே. திரும்ப அனுப்பினா தொலைஞ்சதுன்னு ஆகும். தொலைஞ்சதுன்னா விசாரணை வைக்கணும்," என்றார் மத்தியாஸ்.

"அப்ப போன்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க சேர். தகரம்னு சொன்னாப் போதும்."

"போன்ல சொன்னா வேலை முடிஞ்சிரும். பொறகு வலையமைப்பு எதுக்கு?"

அவர் வெளியே போயிருந்த வேளையில் பூரணி தானே கொழும்புக்குப் போன் போட்டாள். மறுமுனையில் பேசியவர் மரியாதையானவர். "கூரைத் தகரமாத்தான் இருக்கும்னு எங்களுக்கும் தெரியும், மிஸ். ஆனா எங்களுக்குத் தெரியிறது வேற, எங்களுக்கு வந்து சேர்றது வேற," என்று விளக்கிவிட்டு வைத்துவிட்டார்.

ஆறாம் வாரம் முடிந்தது. வலையமைப்பு இயங்கவில்லை, செய்தி போய்ச் சேரவில்லை என்று பூரணி அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள். மத்தியாஸ் கோபப்படவில்லை. பேனையை மூடி வைத்தார்.

"ஏழில ஆறு போய்ச் சேர்ந்திருக்கு. நூத்துக்கு எண்பத்தஞ்சு. உங்க பல்கலைக்கழகத்தில எண்பத்தஞ்சு எடுத்தா என்ன சொல்லுவாங்க?"

"விசேட சித்தி, சேர்."

"பொறகு இதை மட்டும் எப்படித் தவறுன்னு எழுதுறீங்க?"

பூரணி பஸ் நிலையத்து மர வாங்கில் போய் உட்கார்ந்தாள். கையொப்பம் இல்லையென்றால் ஒரு வருடம் போகும். அப்பாவின் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். உண்மையை எழுதினால் தகரம் வந்துவிடுமா என்று யோசித்தாள். வராது. எழுதாவிட்டாலும் வராது. பின்னேரம் திரும்பிப் போய், 'எண்பத்தைந்து வீதம் திருப்திகரம்' என்று திருத்தி எழுதிக் கொடுத்தாள்.  கையொப்பம் கிடைத்தது.

அறிக்கைக்கு விசேட சித்தி கிடைத்தது. அதன் பிரதி கொழும்புக்குப் போயிற்று. இரண்டே மாதத்தில் புதிய சுற்றறிக்கை ஒன்று வந்தது. பொதியாக்கப்படாத மனுக்கள் இனிமேல் எந்த அலுவலகத்திலும் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டா. அதற்குப் பிறகு வெட்டுவது ஊர் முழுதும் நாகரிகமாயிற்று. கோயில் திருவிழா நோட்டீசு நான்கு துண்டாக வந்தது. கல்யாணப் பத்திரிகை ஐந்து துண்டாக வந்த ஓர் இடத்தில், பாதிச் சொந்தக்காரர்கள் பெண்ணின் பெயர் தெரியாமலே மொய் எழுதினார்கள்.

மார்கழி விடுமுறைக்குப் பூரணி வீடு வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரை இருக்க வேண்டிய இடத்தில் செல்லசாமி உரச் சாக்குகளைத் தைத்துக் கட்டியிருந்தார். தோட்டத்து ஸ்டோரிலேயே தகரம் அடுக்கடுக்காகக் கிடப்பதாகவும், கொழும்பிலிருந்து அனுமதிக் கடிதம் வந்தால் அன்றைக்கே தருவதாக ஸ்டோர்காரர் சொன்னதாகவும் அவர் நிதானமாகச் சொன்னார்.

 மூன்றாம் நாள் காலையில் பூரணி உட்கார்ந்து புதிய மனு ஒன்றை எழுதினாள். சுருக்கமாக, ஒரே தாளில், தகரம் என்ற சொல்லை முதல் வரியிலேயே போட்டு எழுதினாள். பன்னிரண்டு காம்பராக்காரர்களையும் கூப்பிட்டுக் கைநாட்டு வாங்கினாள். இதைத் தானே ரயிலில் கொண்டுபோய்க் கொழும்பில் பெரியவரின் கையிலேயே கொடுக்கப்போவதாகச் சொன்னாள். வாங்கும்வரை வாசலைவிட்டு நகர்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங் கண்ணு, முழுசாவா கொண்டுபோகப் போற?"

"ஆமாக்கா. முழுசாக் குடுத்தாத்தான் படிப்பாங்க."

"படிச்ச புள்ள நீயே இப்படிச் சொல்லலாமா? மேல் டிவிசன்காரங்க எல்லாம் ஏழா வெட்டித்தான் அனுப்புறாங்க. நாம மட்டும் என்ன கொறஞ்சு போயிட்டோம்? நீ ஒம்பதா வெட்டு."

பன்னிரண்டு காம்பராக்காரர்களும் அதுதான் நியாயம் என்றார்கள். ஒழுகுகிற சாக்குக்குக் கீழே நின்றுகொண்டே சொன்னார்கள். பூரணி அப்பாவைப் பார்த்தாள். அவர் எங்கோ போய் ஒரு கத்தரிக்கோல் இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். "எம்மக பாஸ் பண்ணின பாடமில்ல அது," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி அவள் கையில் கொடுத்தார்.

அவள் வெட்டினாள். ஒன்பது துண்டும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவாக இருந்ததென்று லயம் முழுதும் பேசிக்கொண்டது.