மூச்சை இழுத்துச் சொன்ன சம்மதம்

ஷெலெஃப்தியோ, ஜூன்

அன்புள்ள அக்கா ஆல்ஃபில்டுக்குத் தம்பி சிக்ஸ்டன் எழுதிக்கொண்டது. நானும் பூனையும் சுகம். உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை இல்லை, கொசு உண்டு. நிற்க.

இந்த வருஷம் மிட்சம்மர் கோடைத் திருவிழா விருந்துக்கு நீ சிரமப்பட்டு வர வேண்டாம். பேத்தி தூவே வரவில்லை. குழந்தை இல்லாத வீட்டில் கம்பத்துக்குப் பூச்சுற்றி யார் ஆடுவது? காரணத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் மகள் இல்வா கண்ணை மூடிய பிறகு, லீட்ஸிலிருந்து மாப்பிள்ளை கிரகாம் இப்போதுதான் முதல்முறை தானாகக் கூப்பிட்டார். "மாமா, லீவுக்கு தூவேயை அங்க கூட்டிட்டு வரட்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நம் வடக்குப் பக்கத்து ஆள் ஆமாம் என்பதற்கு என்ன செய்வான்? உதட்டைக் குவித்து மூச்சைச் சர்ரென்று உள்ளே இழுப்பான், அவ்வளவுதானே. நானும் இழுத்தேன். முன்பெல்லாம் இல்வா பக்கத்தில் இருந்து, "அப்பா சரிங்கறார்" என்று அவருக்குச் சொல்லிவிடுவாள். இப்போது சொல்ல ஆளில்லை. கிரகாம் பதறிப்போய், "என்ன மாமா, மூச்சு முட்டுதா? அவசரமில்ல, யோசிச்சு மெசேஜ் போடுங்க" என்று வைத்துவிட்டார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். இங்கிலீஷ் கப்பலில் சமைத்தவன் என்று பக்கத்து வீட்டு ஹெல்யேவைக் கூப்பிட்டது என் தலையெழுத்து. "ஓகே" போடலாமா என்றேன். "பஸ் டிக்கெட்டுக்கா பதில் சொல்றே?" என்றான். "ஃபைன்" என்றால் வேண்டாவெறுப்பாம். "ஆஃப் கோர்ஸ்" என்றால் இதெல்லாம் ஒரு கேள்வியா என்று அதட்டுகிற மாதிரியாம். "கன்ஃபர்ம்டு" பல் டாக்டர் ஆபீஸிலிருந்து வருவதாம். "ஐ அக்ரீ" போட்டால், "கோர்ட்ல உன்னை மடக்கிட்டாங்களான்னு நெனப்பாரு" என்றான். இப்படியே நாலைந்து நாள் காப்பியாகக் குடித்துத் தீர்த்து, கடைசியில் "செர்ட்டன்லி, வித் கிரேட் ப்ளஷர்" என்று முடிவானது. ஒற்றை விரலால் தட்டி அனுப்பிவிட்டுத்தான் கண்ணாடியை மாட்டினேன்.

என் பதிலுக்கு மேலேயே அன்று காலை கிரகாம் அனுப்பிய இன்னொரு செய்தி இருந்தது. 'பதில் காணோம். உங்களுக்கு இது பாரம் என்று புரிகிறது. நாங்கள் என் அம்மா வீட்டுக்கே போகிறோம், சரிதானே?' அதற்கடியில் என் பதில்: நிச்சயமாக, மிக்க மகிழ்ச்சியோடு.

உடனே கூப்பிட்டுச் சொல்லேன்டா என்பாய். எந்த வார்த்தையைச் சொல்ல? என் முகத்தில் இல்வா ஜாடை இருக்கிறது அக்கா. அதைப் பார்க்க அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். வராமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்தது என்று நினைத்திருப்பாரோ என்னவோ. என் பிள்ளை போய்விட்டாள், அவள் பிள்ளையையும் நானே வராதே என்று சொல்லிவிட்டேன்.

தூவேக்காக நீலப் பெயின்ட் அடித்த இல்வாவின் சின்னக் கட்டிலை லாரியில் உனக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. யாருக்காவது கொடுத்துவிடு.

உன் முழங்காலும் உன் ரோஜாத் தொட்டிகளும் நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி சிக்ஸ்டன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது போன் வந்தது. தூவே. அவள் அம்மா சொல்லிக்கொடுத்த நம் பாஷையில், "தாத்தா, நாங்க வரலேன்னா உனக்கு அவ்வளவு சந்தோஷமா?" என்றாள். இல்லவே இல்லை என்றேன். "அப்ப வரட்டுமா?" என்றாள். மூச்சை இழுத்தேன். அவள் திரும்பி, "அப்பா, தாத்தா ஆமான்னுட்டாரு. அம்மாவும் என்கிட்ட இப்படித்தான் சொல்லுவா" என்றது கேட்டது. கிரகாம் போனை வாங்கினார். தானும் மூச்சை இழுத்துப் பார்த்தார், பாவம், இருமல் வந்து, இருமல் அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன்.

கட்டிலை யாருக்கும் கொடுத்துவிடாதே. முழங்காலைக் கட்டிக்கொண்டு நீயும் அதோடு வந்து சேர்.