மேட்டில் திணறிய கார்

மேட்டுச் சாலையில் ஒரு சைக்கிள் நம் காரை முந்திக்கொண்டு போனாலே அவமானம். அந்தச் சைக்கிளின் பின்னால் சிமெண்ட் மூட்டை ஒன்றும் இருந்து, ஓட்டுகிறவர் போகிற போக்கில் கையையும் ஆட்டிவிட்டுப் போனால்? மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்று வீட்டுக்கு வந்ததும் சாவியை மேஜைமேல் எறிந்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் காருக்கு என்ன நோய்னு கண்டுபிடிக்கறேன். முடியலேன்னா வித்துட்டு, இதைவிட ரெண்டு மடங்கு வேகமாப் போற புதுக் கார் வாங்கறேன். இது சபதம்!"

தையல் மெஷினில் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த மனைவியின் கால் சட்டென்று நின்றது.

"புதுசா? எதுக்குங்க? இதுவே நல்லாத்தானே போகுது?"

"போகுதா? சைக்கிள்காரர் டாட்டா காட்டிட்டுப் போறார்!"

"அவருக்கு என்ன அவசரமோ, பாவம்."

காருக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமான மறுவருஷம் வாங்கியது. இந்தத் திணறல் இரண்டு மாதமாகத்தான். சமதரையில் சாதுவாகப் போகும். மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்குமேல் வேகம் எடுக்காது. அதற்குமுன் அவர் ஓட்டுகிற காரில் ஏறியவர்களுக்குப் பக்தி தானாக வந்துவிடும். "மெதுவாப் போங்க" என்று மனைவி சொன்னால் இன்னும் கொஞ்சம் மிதிப்பார். சொன்ன பேச்சைக் கேட்பதற்கா ஒரு மனிதன் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான்?

வைத்தியம் தொடங்கியது. திங்கள்கிழமை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒரு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தார். அது பழசு இல்லை, மாமியாருடையது என்று பிறகு தெரியவந்தது. செவ்வாய்க்கிழமை ஏர் ஃபில்டரைத் தட்டினார். கார் தும்மவில்லை, அவர்தான் தும்மினார். புதன்கிழமை பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார். அன்று முழுக்க யாரையும் அவர் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்க விடவில்லை. வியாழக்கிழமை கௌரவத்தைக் கழற்றி வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து, காதைக் கொடுத்துக் கேட்டான்.

"இன்ஜின் சுத்தமா இருக்கு சார்."

"அப்புறம் ஏம்ப்பா மேடு ஏற மாட்டேங்குது?"

"வயசாச்சுல்ல சார்? பொறுமையா ஓட்டினா இன்னும் பத்து வருஷம் ஓடும்."

சொல்லும்போது அவன் காரைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தான்.

அந்தப் பார்வை அவரை என்னவோ செய்தது. கடையில் யாருக்கோ கண் சோதிக்க எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருக்கும்போதும் அதே நினைப்பு. மாடி ஏறினால் தனக்கும்தான் மூச்சு வாங்குகிறது. அதற்காகத் தன்னைக் கொடுத்துவிட்டு வேறு வாங்க யாரும் கிளம்பவில்லையே! மகள் பிறந்தபோது துணியில் சுற்றி ஆஸ்பத்திரியிலிருந்து இந்தக் காரில்தான் கொண்டுவந்தார். அன்றைக்கு மட்டும் நடக்கிற வேகத்தில் ஓட்டினார். விற்க அவருக்கு மனமே இல்லை. ஆனால் சபதம் சபதம்தானே? அதுவும் மனைவி முன்னால் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி முயற்சியாக ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். கையிலிருந்த திருப்புளி நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் கால்மிதி புடைத்துக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தால், தடித்த ரப்பர் துண்டுகள், ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு. பெடல் பாதிக்குமேல் இறங்க வழியே இல்லை. நான்கையும் சேர்த்துச் சுற்றிலும் அழகாகத் தைத்திருந்தது. அவர் சட்டைக் காலரில் இருக்கும் அதே தையல். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஊரார் கண்ணைச் சோதிக்கும் இவருக்குத் தன் காலடியே தெரியவில்லை.

துண்டுகளோடு உள்ளே போனார்.

"என்ன இது?"

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" மனைவி மறைக்கவில்லை.

"ஏன் இப்படிப் பண்ணே?"

"அன்னிக்கு வளைவுல லாரியை முந்தினீங்களே, நம்ம பொண்ணு பின்னாலேருந்து என் தோளை இறுக்கிப் பிடிச்சா. நகம் பதிஞ்சது ரெண்டு நாள் மறையலை. மெதுவான்னு சொன்னா இன்னும் மிதிக்கறீங்க. நான் சொல்றது உங்க காதோட நின்னுடுது, கால் வரைக்கும் போறதில்லை. அதான் நேரா கால்கிட்டயே சொல்லிப் பாத்தேன்."

கோபித்துக்கொள்ளத் தயாராகத்தான் வந்தார். கோபம் வரவில்லை. மகள் அப்படிப் பயந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. உண்மையாகவே வெட்கப்பட்டார்.

"இனிமே வேகமாப் போக மாட்டேன். சத்தியம். ஆனா இது வேணாம்மா. நானா மெதுவாப் போனாத்தானே எனக்கு மரியாதை?"

"உங்களை நம்பறேங்க."

"காரையும் விக்கப் போறதில்லை. நோயைத்தான் கண்டுபிடிச்சாச்சே!"

"ஆமா, உங்களைத் தவிர வேற யாரால முடியும்?"

துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார். ரோட்டில் எல்லோருக்கும் வழிவிட்டார். சாலையைக் கடக்காமல் சும்மா நின்றவருக்கும் வண்டியை நிறுத்தி, கடந்து போகும்படி கேட்டுக்கொண்டார். திருந்திய மனிதனின் நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. அப்புறம் மேடு வந்தது.

ஒரே ஒரு தடவைதான், அதுவும் வெறும் சோதனைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெடலை அடிவரை மிதித்தார். கார் முனகியது. பழையபடி ஆமை வேகத்தில் ஊர்ந்து ஏறியது.

"என்னம்மா இது! அதைத்தான் எடுத்துட்டேனே?"

மனைவி ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்தபடியே சொன்னாள்: "நான் சொல்லி மெக்கானிக் தம்பி ஆக்ஸிலரேட்டர் கேபிளைத் தளர்த்தி ரெண்டு மாசமாச்சுங்க. நீங்க புதுக் கார்னு கிளம்பிட்டீங்களேன்னு, கண்டுபிடிக்கறதுக்கு உங்களுக்கும் ஏதாவது இருக்கட்டுமேன்னு நேத்துத்தான் அந்த ரப்பரைத் தைச்சுப் போட்டேன்."