இடம் உபயம்: முத்துக்கருப்பன்

ஆமத்தூர்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பாண்டிச்செல்வம் அவர்களுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் முத்துக்கருப்பன் எழுதுவது. கோயம்புத்தூரில் நீங்களும் அருணாதேவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசாட்சி விடவில்லை. போனில் பேசினால் உங்கள் அக்காள் காதில் விழும் என்பதால் கடிதம்.

போன பொங்கலுக்கு வந்தபோது என்ன சொன்னீர்கள்? "மானம் பாத்த காட்ட வச்சிக்கிட்டு எதுக்கு மச்சான் மல்லுக்கட்டுறீக? சிவகாசிப் பக்கம் சின்னதா ஒரு வீட்ட வாங்கி வாடகைக்கு விடுங்க, மாசம் பொறந்தா துட்டு தானா வரும்" என்றீர்கள். செல்போனில் படம் வேறு போட்டுக் காட்டினீர்கள். நானும் உங்கள் அக்காள் கற்பகவல்லியைக் கரைத்து, உங்கள் அப்பா அவளுக்குக் கொடுத்த காட்டை விற்று, தரகர் முனியராஜ் காட்டிய வீட்டை வாங்கினேன். தெரு நேராக வந்து வாசலில் முட்டுகிறதே என்றதற்கு, "காத்து நேரா வீட்டுக்குள்ள வரும்ல" என்றார். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. காத்து வந்தது, ஆள் வரவில்லை. வீடு பார்க்க வந்த முதல் ஆள் ஸ்கூட்டரை விட்டு இறங்கக்கூட இல்லை. "தெருக்குத்து வீடு, குடும்பத்துக்கு ஆகாது" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

தெருக்குத்துக்கு ஊர் உலகத்தில் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். காம்பவுண்டுச் சுவரில் ஒரு மாடம் கட்டி, சாண் உயரப் பிள்ளையாரை வைத்தேன். அங்கேதான் மாப்பிள்ளை, என் கெட்ட நேரம் தொடங்கியது. பட்டாசுக் கம்பெனி வேன் காலையில் அந்த முக்கில்தான் நிற்கும். வேலைக்குப் போகிற சனம் ஏறுவதற்கு முன் ஒரு கும்பிடு போட ஆரம்பித்தது. சீசன் முழுக்க அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் ஒரு தீக்காயம் இல்லை. நல்ல விஷயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தீபாவளி கழிந்ததும் நன்றிக்கடனாகத் தகரக் கூரை போட்டார்கள், மணி கட்டினார்கள், விடியலில் பாட்டு வைத்தார்கள். என்னிடமே வந்து வசூலும் செய்தார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தால் என் சுவரில், என்னைக் கேட்காமல், "இடம் உபயம்: முத்துக்கருப்பன், ஆமத்தூர்" என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது.

அப்புறம் மாடத்தி என்று ஒரு கம்பெனித் தொழிலாளி, புருஷன் சங்கிலிமுத்துவோடு வீடு பார்க்க வந்தாள். வீடு பிடித்துப்போய்ச் சாவியைக் கையில் வாங்கிவிட்டாள். அதற்குள் தெருக் கமிட்டித் தலைவர் பாண்டிராஜ் ஓடிவந்து, "கோயில ஒட்டுன வீடு, கவுச்சி சமைக்கக் கூடாது" என்றார். மாடத்தி சாவியை என் கையில் திருப்பி வைத்தாள். "வாரம் பூராம் வெடிமருந்துக்குள்ள கெடக்கோம். ஞாயித்துக்கிழம ஒரு கறிக்கொளம்பு வைக்கக் கூடாதுன்னா நாங்க எதுக்குய்யா சம்பாதிக்கணும்?" பிள்ளையாரை வேறு இடத்துக்கு மாற்றலாமா என்று பாண்டிராஜிடம் மெல்லக் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா தெருக்குத்து திரும்ப வந்துருமே, அதுக்கு என்ன செய்வீக?" என்கிறார்.

உங்கள் அக்காள் விற்ற காட்டில் இப்போது மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "எங்கப்பா குடுத்த காட்ட வித்து ஒரு பூட்டு வாங்கிருக்கீக" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அதன்பிறகு என்னோடு பேச்சே இல்லை. எப்படியாவது, யார் தலையிலாவது இந்த வீட்டைக் கட்டிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அருணாதேவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. நீங்கள் தயவுசெய்து எந்த இடமும் வாங்காமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
முத்துக்கருப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப்போடவும். வீட்டை விற்க வேண்டாம், குடிவர ஆள் கிடைத்துவிட்டது. நான் விருதுநகர் போய்த் தபால்தலை வாங்கித் திரும்புவதற்குள், அடுப்பு, பாத்திரம், கட்டில் எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் உங்கள் அக்காள் அங்கே பால் காய்ச்சிவிட்டாள். "எங்கப்பா காட்டுல வந்த வீடு, பூட்டிக் கெடக்க விடமாட்டேன்" என்று, தேடிப் போன என்னிடம் ஜன்னல் வழியாகச் சொன்னாள். என் துணிப்பெட்டியை மட்டும் ஆமத்தூரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நானும் அங்கே குடிவரலாமா என்று அவளிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லவும்.