மைனாவுக்குப் பரீட்சை வைத்தவர்

காக்கைக்குச் சோறு வைப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. காக்கைக்குப் பரீட்சை வைத்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆவடியில், எங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் லைனில், என் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்.

அறுபதுகளின் கடைசி அது. நான் கல்யாணமாகாத கிளார்க். அவர் லேத்தில் இரும்பு கடையும் டர்னர், பூந்தமல்லிக்காரர். எதிரே வருகிற எவரையும் "நைனா" என்பார். ஏதாவது பறவை தோற்றுப் பறந்துபோனால் "ஃபெயில்" என்று லைனுக்கே கேட்க அறிவிப்பார். இரண்டும் சேர்ந்து அவர் பெயரே ஃபெயில் நைனா ஆகிவிட்டது.

அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை காய்த்ததைவிடத் தீனிப்பெட்டிகள் காய்த்ததுதான் அதிகம். ஆரம்பப் பாடம் தீப்பெட்டி. நூலை இழுத்தால் வேர்க்கடலை விழும். அடுத்தது பால் பவுடர் டின். பக்கத்துக் கம்பியில் உட்கார்ந்து அழுத்தினால் மூடி திறக்கும். சிட்டுக்குருவி உட்கார்ந்தது. மூடி அசையவில்லை. மறுநாள் அது குடும்பத்தோடு வந்து வரிசையாக உட்கார, மூடி திறந்தது. அதுவரை சும்மா நின்றிருந்த காக்கை உள்ளே இருந்த நொய்யரிசி முழுவதையும் தின்றுவிட்டுப் போனது.

"காப்பி அடிக்குது பாரு நைனா" என்றார் என்னிடம், வருத்தத்தோடு.

எதிர்வீட்டுத் திருநெல்வேலிக்காரருக்கு இது பொறுக்கவில்லை. "மனுசனுக்கே ரேஷன்ல அரிசி இல்ல. நீரு மைனாவுக்குப் பரீட்சை நடத்துதீரோ?"

"நீ வந்து இஸ்து பாரு நைனா. தொறந்தா அரிசி உனுக்கு."

வீம்புக்கு வந்து இழுத்தார். அது மூன்று ஊசிகளை வரிசை தப்பாமல் உருவ வேண்டிய பெட்டி. திறக்கவில்லை. "ஃபெயில்" என்றார் நைனா. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அந்தக் கோடையில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, நாங்கள் வேடிக்கை பார்க்க ஒரு பக்கம் கண்ணாடி பதித்து, பெரிய பெட்டி ஒன்று செய்தார். பறவை நுழைந்ததும் கதவு மூடிக்கொள்ளும். உள்ளே உள்ள கட்டையை மிதித்தால் திறக்கும்.

"உள்ள போனது வெளிய வர்லன்னா இன்னா பண்ணுவ?" என்றார் அவர் மனைவி.

"வரும்மே. அதுங்களுக்கு மூள கீது."

ஞாயிற்றுக்கிழமை மதியம். லைன் முழுக்க மதிலோரம் நின்றது. ஒரு மைனா தலையைச் சாய்த்துப் பார்த்து, உள்ளே போனது. கதவு விழுந்தது. மைனா அரிசியைத் தின்றது, கட்டையை மிதித்தது. கதவு திறக்கவில்லை. மறுபடி மிதித்தது. ஸ்பிரிங் எங்கோ சிக்கியிருந்தது.

வெயிலில் தகரம் கொதித்தது. மைனா கண்ணாடியில் மோதிக் கத்த ஆரம்பித்தது. அந்தக் குரலுக்கு எங்கிருந்தோ மைனாக்கள் வந்தன, காக்கைகள் வந்தன. ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிய நைனாவின் வழுக்கைத் தலையில் முதல் கொத்து விழுந்தது. அவர் மனைவி முறத்தை அவர் தலைக்கு மேல் பிடித்தார். முறத்தையும் கொத்தின. நான் துண்டைச் சுழற்றினேன். என் காதோரம் ஒன்று உரசிப் போனது.

ஸ்க்ரூ சுழலவில்லை. நாள் முழுக்க இரும்பைக் கடையும் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக்கொண்டே இருந்தது.

"கண்ணாடிய ஒடைச்சுப்போடும் வே." பார்த்தால், திருநெல்வேலிக்காரர் மதிலேறிக் குதித்துக் குடையை விரித்துக்கொண்டு நிற்கிறார்.

"சில்லு அது மேல குத்தும் நைனா."

கண்ணாடிக்குள் மைனா மோதுவதை நிறுத்திவிட்டது. அலகு பிளந்து மூச்சு வாங்கியது. பிறகு சரிந்து படுத்தது. நைனா ஸ்க்ரூ டிரைவரை எறிந்துவிட்டு, தகர விளிம்பை வெறும் கையால் பிடித்து வளைத்தார். ரத்தம் மணிக்கட்டு வரை ஓடியது. விடவில்லை. தகரம் பிய்ந்தது.

அவர் உள்ளங்கையில் அது கண்ணை மூடிக் கிடந்தது. அவர் மனைவி புடவைத் தலைப்பை நனைத்து அலகில் ஒவ்வொரு சொட்டாக விட்டார். மேலே காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

"இத்தோட எல்லாத்தையும் கயட்டி எறிஞ்சுடறேன், எய்ந்துருமா" என்றார் நைனா மைனாவிடம், மெல்ல. இவ்வளவு தாழ்ந்த குரல் அவருக்கு உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

கால் ஒன்று அசைந்தது. கண் திறந்தது. காயம்பட்ட விரலிலேயே நறுக்கென்று கடித்துவிட்டு மைனா முருங்கைக்குப் பறந்தது. மனிதர் வலியில் துள்ளிக்கொண்டே சிரித்தார், அழுதார்.

சாயங்காலமே எல்லாப் பெட்டிகளும் இறங்கின. தெருப்பக்க மதில்மேல் ஒரு அலுமினியத் தட்டில் நொய்யரிசி வைத்தார். பறவைகள் வரவில்லை. காக்கைகளோ அவரை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டு விரட்டின. வெயிலோ மழையோ, குடையில்லாமல் வேலைக்குப் போகமுடியவில்லை. "தப்பு நம்மது நைனா" என்பார். லீவு நாட்களில் ஜன்னலுக்குப் பின்னால், தன் முகம் வெளியே தெரியாமல் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் முடிந்தபின் ஒரு காலையில் ஒரு மைனா தட்டில் வந்து இறங்கியது. திருநெல்வேலிக்காரர் தெருவில் வந்துகொண்டிருந்தவர், அப்படியே நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் அந்த வீட்டைக் கடந்தார்.

அன்றிலிருந்து, யாரும் சொல்லாமலே, எங்கள் லைன் முழுக்க அந்த வீட்டை வெறுங்காலோடுதான் கடந்தது.